அதிக வாக்குப் பெற்ற பதில் தவறாக இருந்தால் என்ன செய்வது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். நான் பிஎச்பி நிரல்மொழி கற்று வருகிறேன். பயனர் தட்டச்சு செய்யும் பெயரைத் தரவுதளத்தில் தேடும் வழியை, நிரல் எழுதுவோர் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்ற ஒரு பதில் முதலில் நின்றது. அதை அப்படியே எடுத்து எழுதினேன், ஓடவில்லை. அதில் உள்ள தரவுதளத்தோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் 2015-இல் வெளிவந்த பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டன என்று பிறகுதான் அறிந்தேன். அதைவிடக் கவலை தருவது, பயனர் தருவதைத் தரவுதளத்துக்கு அனுப்பும் வினவலோடு நேரடியாக ஒட்டும் அந்த முறை, பெயருக்குப் பதில் கட்டளையைத் தட்டச்சு செய்து தரவுதளத்தையே கையாளும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் தாக்குதலுக்கு இடம் கொடுக்கிறது என்பதுதான். பயனர் தருவதை வினவலோடு ஒட்டாமல் தனியே அனுப்ப உதவும் பிடிஓ முறையைச் சரியாக விளக்கும் பதிலோ நான்கே வாக்குகளுடன் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. எதிர்வாக்கு அளிக்க, தளத்தில் பங்களிப்பவர்களுக்குக் கிடைக்கும் நற்பெயர்ப் புள்ளிகள் 125 வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இத்தனை பேர் வாக்களித்தும் தவறான பதில் மேலேயே நிற்பது எப்படி?

மறுமொழி 1

வாக்களித்தவர்கள் தவறிழைத்ததாக நான் கருதவில்லை. அவர்கள் வாக்களித்த நாளில் அந்த நிரல் ஓடியது. வேலை முடிந்த நன்றியில் வாக்கு விழுந்தது. ஆனால் நிரல்மொழி மாறிய பிறகும் அந்த வாக்கு காலாவதி ஆவதில்லை. பிழையைப் பின்னர் உணர்ந்த ஒருவர் தம் வாக்கைத் திரும்பப் பெற நினைத்தாலும், அளித்துச் சில நிமிடங்கள் கழிந்துவிட்டால், அந்தப் பதில் திருத்தப்பட்டாலொழிய அதை மாற்ற முடியாது. இதோடு, முதலில் எழுதப்பட்ட பதில் முதலில் மேலேறுகிறது, மேலே இருப்பதால் அதிகம் பேர் கண்ணில் படுகிறது, கண்ணில் படுவதால் மேலும் வாக்குப் பெறுகிறது.

புள்ளிக் கணக்கும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. ஓர் ஆதரவு வாக்கு எழுதியவருக்கு 10 புள்ளிகள் தருகிறது. எதிர்வாக்கு 2 புள்ளிகளையே எடுக்கிறது, அதுவும் பதிலுக்கு எதிராக என்றால் வாக்களிப்பவரும் 1 புள்ளியை இழக்கிறார். தவறு என்று தெரிந்தும் பலர் பேசாமல் கடந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தளத்தினர் இதை அறியாதவர்கள் அல்லர்: கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதிலை எப்போதும் உச்சியில் நிறுத்தும் வழக்கத்தை 2021-இல் கைவிட்டார்கள், அண்மைய வாக்குகளுக்குக் கூடுதல் எடை தரும் வரிசை முறையை 2022-இல் சேர்த்தார்கள். அந்த வரிசையை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உங்கள் பிடிஓ பதில் மேலே வரக்கூடும்.

மறுமொழி 2

மேலுள்ள விளக்கம் சரியே. ஆனாலும், எதிர்வாக்கை எளிதாக்கினால் தரம் உயரும் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். காரணம் சொல்லாமல் விழும் எதிர்வாக்கினால் எழுதியவரும் எதையும் கற்பதில்லை, படிப்பவரும் கற்பதில்லை. நான் முதன்முதலில் கேட்ட கேள்விக்கு ஒரு மணி நேரத்துக்குள் மூன்று எதிர்வாக்குகள் விழுந்தன, ஒரு சொல்கூட யாரும் எழுதவில்லை. அதன்பின் ஓராண்டு அந்தப் பக்கமே நான் போகவில்லை. “இந்த முறை பாதுகாப்பற்றது, கீழுள்ள பிடிஓ பதிலைப் பார்க்கவும்” என்று அந்தப் பதிலின் அடியில் ஒரு பின்னூட்டம் இருந்தால், பத்து எதிர்வாக்குகளைவிட அதுவே உங்களைக் காப்பாற்றியிருக்கும். பின்னூட்டமிட 50 புள்ளிகள் போதும்.

மறுமொழி 3

கேட்டவருக்கு ஒரு நடைமுறை வழி. புள்ளியே இல்லாதவரும் பதிலுக்குத் திருத்தம் முன்மொழியலாம். மற்றவர்கள் பரிசீலித்து ஏற்றால் 2 புள்ளிகள் கிடைக்கும். ஏழு திருத்தங்கள் ஏற்கப்பட்டால் உங்கள் கணக்கு 15 ஆகும், ஆதரவு வாக்கு அளிக்கும் உரிமையும் வந்துவிடும். ஆனால் பிறருடைய நிரலையே மாற்றி எழுதாதீர்கள். எழுதியவரின் நோக்கத்துக்கு முரணானது என்று நிராகரித்துவிடுவார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. எச்சரிக்கையைப் படிப்பதற்கு முன்பே அவசரப்பட்டு அந்தப் பழைய பதிலின் நிரலைத் திருத்தி அனுப்பினேன், சொன்னபடியே நிராகரிக்கப்பட்டது. இப்போது வேறு பதில்களில் உடைந்த இணைப்புகளையும் எழுத்துப் பிழைகளையும் சரிசெய்து வருகிறேன். இதுவரை மூன்று ஏற்கப்பட்டுள்ளன. 15 புள்ளிகள் சேர்ந்ததும் என் முதல் வாக்கு அந்தப் பிடிஓ பதிலுக்கே.