ஒற்றை ஷூவும் ஒரு சிபாரிசுக் கடிதமும்

சின்ன வயசில் புரட்சி பேசினவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், என் பங்குக்கு மொரிஷியஸிலிருந்து ஒன்று. எங்கள் வீட்டில் பேசுவது கிரியோல்தான், கீழே வரும் பேச்செல்லாம் நான் தமிழில் போட்டது. ஆரம்பப் பள்ளியில் தமிழ் வாத்தியார் நான், வயது 58.

கதை என் சித்தப்பாவுடையது. (தொன்தோன் என்றுதான் கூப்பிடுவோம், சித்தப்பா என்று கூப்பிட்டால் வேறு யாரையோ என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.) 1975 மே 20ம் தேதி அவருக்குப் பதினேழு வயது. அன்றைக்கு நாட்டில் பல ஊர்களிலிருந்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து தலைநகர் போர்ட் லூயியைப் பார்த்து நடந்தார்கள். வசதியான பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் மற்றவர்கள் காசு கட்டிப் படிக்கிற தனியார் பள்ளிக்கும் இருந்த ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம், வெள்ளைக்காரன் போனபிறகும் அவன் வைத்துவிட்டுப்போன பாடம், இதெல்லாம்தான் கோபம். கிராண்ட் ரிவர் பாலத்தில் போலீஸ் மறித்துக் கண்ணீர்ப்புகை அடித்து, தடியோடு விரட்டியது. சித்தப்பா ரோஸ் ஹில் வீட்டுக்கு ஒரு காலில் மட்டும் ஷூவோடு வந்து சேர்ந்தார். மிஞ்சின அந்த ஷூவாலேயே பாட்டி அவரைச் சாத்தினார், ஏனென்றால் வாங்கி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. போலீஸ் அடி ஒன்று, பாட்டி அடி ஐந்து என்பது எங்கள் குடும்பக் கணக்கு.

அந்த ஷூ வீண்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அடுத்த வருஷத் தேர்தலில் 18 வயதுக்காரர்கள் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள், சித்தப்பாவும் போட்டார். 1977லிருந்து உயர்நிலைப் படிப்பு இலவசமானது. என் அப்பா கரும்புத் தோட்டத்துச் சம்பளத்தில் எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருப்பாரா என்றால், மாட்டார். அதனால் அவரைப் பற்றி நான் என்ன குறை சொன்னாலும் கடன்பட்ட வாயால் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது அவருக்கு எம்.எம்.எம். கட்சிதான் உயிர். 1969ல் பால் பெரான்ஜேயும் கூட்டாளிகளும் தொடங்கினது. இனச் சண்டை வேண்டாம், வர்க்கப் போராட்டம்தான் என்பது அவர்கள் பேச்சு. வீட்டுக்கு வருகிறவர் யாராவது "அந்தப் பையன் தமிழா, தெலுங்கா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள், சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். 1976ல் 70 இடத்தில் 34 பிடித்துத் தனிப்பெரும் கட்சியாக வந்தும், 28 வைத்திருந்த ஆளுங்கட்சி லேபரும் 8 வைத்திருந்த பி.எம்.எஸ்.டி. என்ற இன்னொரு கட்சியும் கைகோத்து ஆட்சி அமைத்துவிட்டன. அன்று ராத்திரி அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு ஒன்பது வயது. 1982ல் எம்.எம்.எம். கூட்டணிக்கு, மொரிஷியஸ் தீவில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிற இடங்களில் 60க்கு 60. தெருவெல்லாம் பட்டாசு. ஒன்பது மாசத்தில் அரசாங்கம் உடைந்தது. நிதி அமைச்சராக உட்கார்ந்த பெரான்ஜே, கடன் கொடுத்த ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) சொன்ன சிக்கனத்தைச் செய்யவேண்டியிருந்தது என்பதும் அதில் ஒரு காரணம். அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கே அலுப்பு. பிரிந்துபோனவர்களோடு 1991ல் கூட்டு, பழைய எதிரி லேபரோடு 1995ல் கூட்டு, 2000ல் மறுபடியும் பிரிந்துபோனவர்களோடு. ஒவ்வொரு தடவையும் சித்தப்பாவிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாக இருக்கும்.

ஆனால் அவர் மாறினதை நான் கண்ணால் பார்த்தது இந்தக் கூட்டணிகளில் இல்லை, ரூபாய் நோட்டில். எங்கள் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கு அடுத்துதான் இந்தி. 1998ல் வந்த புது நோட்டில் இந்தி மேலே ஏறித் தமிழ் கீழே இறங்கிவிட்டது. தமிழர்கள் கொதித்தார்கள், தெருவில் இறங்கினார்கள், கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999ல் பழைய வரிசையிலேயே அச்சடித்தார்கள். ஊர்வலத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால், கையில் பதாகையோடு, சித்தப்பா! பதாகையில் தமிழ் எழுத்து தலைகீழாக இருந்தது, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான்தான் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். "என்ன தொன்தோன், இங்கே எல்லாரும் ஒரே வர்க்கமா?" என்று கேட்டதற்கு, "சும்மா நட" என்றார்.

எனக்கும் அன்றைக்குக் கோபம்தான், ஊர்வலம் நியாயமானதுதான். ஆனால் அதற்கப்புறம் அவர் வாயில் வர்க்கம் குறைந்து 'நம்ம ஆளுக்கு எத்தனை டிக்கெட்' என்பது கூடிப்போனது. கிரியோலில் 'ரோதேர் பூட்' என்று ஒரு சொல் இருக்கிறது, பதவி, சலுகை என்று தனக்கொரு துண்டு தேடி அலைகிறவன் என்று அர்த்தம். எழுபதுகளில் அவர் அதை வசவாகச் சொல்லுவார். இப்போது சிரித்துக்கொண்டே சொல்லுகிறார்.

என் மகள் வேறு மாதிரி. இங்கே வேட்பாளராக நிற்கிறவர் மனுவில் இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் என்று நான்கில் ஒரு பிரிவைக் குறிக்கவேண்டும் (தமிழர் 'இந்து'வுக்குள் அடக்கம், இதற்கு எடுத்துக்கொள்கிற மக்கள்தொகைக் கணக்கு வேறு 1972லேயே நிற்கிறது). குறிக்கமாட்டோம் என்று காலியாக விட்டு, மனு தள்ளுபடியாகி, ஐ.நா. மனித உரிமைக் குழு வரைக்கும் போய் 2012ல் தங்கள் பக்கம் முடிவு வாங்கினார்கள் ஒரு சின்ன இடதுசாரிக் கட்சிக்காரர்கள். அவர்கள்மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். 2024 நவம்பரில் அவர்களும் லேபர், எம்.எம்.எம். கூட்டணியில் சேர்ந்தபோது இவள் வீடு வீடாகப் போனாள். மறுபடியும் 60க்கு 60.

2025 ஜூன் பட்ஜெட்டில் முதியோர் ஓய்வூதிய வயதை 60லிருந்து படிப்படியாக 65 ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். எனக்கு 60 ஆவது 2027ல். சரி, அது என் தலையெழுத்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் கத்தோ பிமாங் பொரித்துக்கொண்டிருந்தார்கள், மிளகாய் போட்ட பருப்பு வடை. மகள் உட்காரவே இல்லை. ஓட்டுக் கேட்ட வீடுகளில் இப்போது அவளை நிறுத்திக் கேட்கிறார்களாம். சித்தப்பா நிதானமாக, கடன் தலைக்கு மேல் போய்விட்டது, வேறு வழியில்லை, ஆட்சி என்றால் அப்படித்தான் என்றார். (அவர் 67ல் இருக்கிறார், பென்ஷன் மாசாமாசம் வருகிறது.)

"தாத்தா, பாலத்தில் உங்களை அடித்தது யார்?"

"போலீஸ்."

"அப்போது ஆட்சி யாருடையது?"

"லேபர்."

"அந்தப் பிரதமருடைய மகன்தானே இப்போது உங்கள் கூட்டணிப் பிரதமர்?"

"நீ கதவைத் தட்டினதும் அவருக்காகத்தானே."

அவள் ஒன்றும் பேசவில்லை. சித்தி கொண்டுவந்து வைத்த தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். சித்தப்பா ஜெயித்த மாதிரி தெரியவில்லை. "அவள் வயசில் நானும் இப்படித்தான் எழுந்து போவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பக்கம் பேச அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. அதே வருஷம் மே மாசம் நகராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு முன்னால், எங்கள் வட்டாரத்தில் ஒரு தமிழருக்கு டிக்கெட் கொடுங்கள் என்று கோயில் சங்கத்தின் பேரில் கட்சிக்கு ஒரு கடிதம் போனது. பிரெஞ்சில் எழுதினது சித்தப்பா, செயலாளர் என்று கையெழுத்துப் போட்டது நான். போடும்போது கை நடுங்கவுமில்லை, ஒன்றுமில்லை. கோயில் பக்கத்துச் சாக்கடையை யாராவது கவனிப்பார்களே என்றுதான் நினைத்தேன்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நானேதான், இதை எங்கேயாவது பார்த்துவிடுவாளோ என்று இப்போதே கொஞ்சம் பயமாக இருக்கிறது.