டயாலிசிஸ்ல இருக்கிற அப்பாவுக்கு பாஸ்பரஸ குறைக்கிற மாத்திரை, எப்படி குடுக்கிறது?

ஈரோட்டுப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் போறாரு. இந்த மாச டெஸ்ட்ல பாஸ்பரஸ் ஜாஸ்தியா 7.2 வந்துச்சுன்னு, அத குறைக்க செவலமர் 800ன்னு ஒரு மாத்திரை மூணு வேளைக்கும் எழுதிக் குடுத்திருக்காங்க. மாத்திரை பெருசா இருக்கு, ஏற்கனவே தண்ணி அளந்துதான் குடிக்கணும், இதுல மாத்திரைக்கே அரை டம்ளர் போயிடுதுன்னு கோவப்படறாரு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு பிரஷர் மாத்திரையோட சேத்து போட்டுக்கறாரு. மலச்சிக்கல் வேற, ராத்திரியெல்லாம் முதுகு அரிச்சு தூக்கமே இல்ல. உடச்சு தண்ணில கரைச்சு குடுக்கலாமா? பால், பருப்பு எல்லாத்தையும் நிறுத்தணுமா?

பழைய பேஷன்ட்:
தங்கச்சி, முதல்ல நேரத்த மாத்துங்க. இது ரத்தத்துல கலந்து வேலை செய்ற மாத்திரை இல்ல, சாப்பாட்டுல வர்ற பாஸ்பரஸ குடல்லயே புடிச்சு மலத்தோட வெளிய தள்ளும், அவ்ளோதான் அதோட வேலை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சுன்னா பலன் குறைஞ்சிடும். நான் தட்டு பக்கத்துலயே மாத்திரைய வச்சுக்குவேன், நாலு வாய் சாப்பிட்டதும் போட்டு முழுங்கிடுவேன், அந்த வேளைக்கு அளந்து வச்ச தண்ணியிலயே அதுவும் முடிஞ்சிடும். உடைக்கவே உடைக்காதீங்க, ஈரம் பட்டா ஊதிக்கும், வாய்ல கொஞ்ச நேரம் வச்சிருந்தாலே நாக்குல ஒட்டிக்கும். முழுங்க கஷ்டம்னா பவுடரா பாக்கெட்ல வருது, டாக்டர்கிட்ட கேளுங்க.

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
அண்ணன் சொன்னது கரெக்ட். 4 மணி நேர டயாலிசிஸ்ல சுமாரா 800லேர்ந்து 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ்தான் வெளிய போகும், சாதாரண சாப்பாட்டுல ஒரே நாள்ல கிட்டத்தட்ட அவ்ளோ உள்ள வந்துடுது, அதுவும் வாரம் ரெண்டு தடவைதான்னா மாத்திரை இல்லாம சமாளிக்கிறது ரொம்ப கஷ்டம்மா. அதுக்காக பருப்ப ஒரேயடியா நிறுத்தாதீங்க, டயாலிசிஸ்ல புரோட்டீன் கரையும், உடம்பு வத்திப்போயிடும். பருப்புல இருக்கிற பாஸ்பரஸ் முழுசா உடம்புல சேராது, வேகவச்ச தண்ணிய வடிச்சிட்டா இன்னும் குறையும். முட்டை வெள்ளைக்கரு ரொம்ப நல்லது. நிறுத்த வேண்டியது கோலா, பாக்கெட் சீஸ், சாசேஜ் மாதிரி ஐட்டம், அதுல சேக்கிற பாஸ்பேட் கிட்டத்தட்ட அப்படியே ரத்தத்துக்குப் போயிடும். லேபிள்ல 338, 450, 451, 452ன்னு பாஸ்பேட் நம்பர் இருந்தா வாங்காதீங்க. பால் எவ்ளோன்னு டயட்டீஷியன்கிட்ட கேட்டுக்கோங்க.

மலச்சிக்கல சும்மா விடாதீங்க, இந்த மாத்திரையால வரும், வயிறு உப்பி வலி, வாந்தின்னு போனா உடனே ஆஸ்பத்திரி. மெடிக்கல்ல நீங்களா எதுவும் வாங்காதீங்க, மெக்னீசியம் இருக்கிற மருந்து, பாஸ்பேட் எனிமா ரெண்டும் கிட்னி பேஷன்ட்டுக்கு ஆபத்து. தைராய்டு மாத்திரையோ சிப்ரோஃப்ளாக்சசினோ எழுதினா, செவலமர் போடறத கண்டிப்பா சொல்லுங்க, சேத்துப் போடக்கூடாது, இடைவெளி விடணும்.

திருச்சி அக்கா:
எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான். காலைல ரெண்டு இட்லிதான், மதியம் மீன் கோழின்னு கனமா சாப்பிடுவாரு, அதனால டாக்டர்கிட்ட பேசி காலைல ஒண்ணு மதியம் ரெண்டுன்னு மாத்தி வாங்கிக்கிட்டோம், நாமளா மாத்தக்கூடாது. கல்யாணத்துக்குப் போனா சட்டைப் பையிலயே போட்டு அனுப்பிடுவேன், இல்லன்னா பந்தில உக்காந்துட்டு முழிப்பாரு. அரிப்புக்கு பாஸ்பரஸ் மட்டும் காரணம் இல்லம்மா, தோல் வறண்டாலும் வரும், குளிச்சதும் தேங்கா எண்ணெய் தடவி விடுங்க. மாத்திரை ஒத்துக்கலன்னா மென்னு சாப்பிடற லாந்தனம்னு ஒண்ணு இருக்கு, தண்ணி வேண்டாம், ஆனா நல்லா தூளாகற வரைக்கும் மெல்லணும், விலையும் ஜாஸ்தி. இந்த பாஸ்பரஸ தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க, பல வருஷம் ஏறியே இருந்தா எலும்பும் போகும், ரத்தக்குழாய்ல சுண்ணாம்பும் படியும்.

ஈரோட்டுப் பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, சார். இன்னிக்கு மதியமே தட்டு பக்கத்துல வச்சிட்டேன், அப்பாவும் சாதத்தோட போட்டுக்கிட்டாரு. வியாழக்கிழமை டயாலிசிஸ் இருக்கு, பவுடரையும் மலச்சிக்கலையும் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்.