தரங்கம்பாடியில் ஒரு வெள்ளிக்கிழமை

மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போன தரங்கம்பாடிப் பயணம் போன அரையாண்டு விடுமுறையில்தான் வாய்த்தது. ஈரோட்டிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பஸ். நான், மனைவி, ஒன்பது வயது மகள். போய் இறங்கியது கிறிஸ்துமஸ் இரவு. ராஜ வீதியில் இரண்டு பழைய தேவாலயங்களும் விளக்கு ஏற்றிக்கொண்டு நின்றன. மகளுக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக டேனிஷ் கோட்டைக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று தேதி டிசம்பர் 26, 2004இல் சுனாமி வந்த நாள் என்பதும் அந்த நிமிடம் வரை என் நினைவில் இல்லை. மலைப்பக்கத்து ஊரில் வளர்ந்தவன் நான். எனக்கு அந்தத் தேதி செய்தித்தாளில் வருவது மட்டுமே.

கரைக்கு இறங்கினோம். ஃபைபர் படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தன. ஏலச் சத்தம் இல்லை, என்ஜின் சத்தம் இல்லை, வலை காயவில்லை. மார்கழி வாடை முகத்தில் அடித்தது. மகள் அலையைக் கண்டதும் செருப்பை உதறிவிட்டுக் கூவிக்கொண்டே ஓடினாள். படகோரம் நின்ற இளைஞர் ஒருவர் குறுக்கே வந்து குனிந்து, "இன்றைக்கு வேண்டாம் பாப்பா, நாளைக்கு விளையாடு" என்றார். கோபமே இல்லாத குரல். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் ஊரே வந்தது. பேச்சில்லாமல் வந்தார்கள். சிலர் கையில் பூ, சிலர் கையில் பால். நாங்கள் விலகி, மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போய் நின்றோம். அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக நின்றிருந்தார். ஒரு கையில் சிறிய எவர்சில்வர் சொம்பு, மறு கையில் சாமந்திப் பூ. மற்றவர்கள் அலைக்குள் இறங்கிப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கவில்லை. ஈரமணல் முடிகிற இடத்தில் நின்று, காய்ந்த மணலில் பாலைச் சாய்த்தார், பூவை அதன்மேல் வைத்தார். பிறகு பார்த்துக்கொண்டே நின்றார். நாலைந்து அலைகள் பாதி வழியில் திரும்பிப் போயின. அதற்குப் பிறகு ஒன்று வந்து பூவை எடுத்துப் போனது. அது அவர் கால்விரலைத் தொடப் பார்த்தபோது ஓரடி பின்வாங்கிக்கொண்டார்.

என் மனைவி மெல்ல அவர் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவரே பேசினார். மீன் விற்கிறவர். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே மீன் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான பொறையாருக்கு விற்கப் போய்விட்டாராம். மாமியாரும் இளைய மகனும் வீட்டில். "கூடையில் பாதி மீன் இருந்தது. ஜனங்கள் எதிரே ஓடி வந்தார்கள். நான் மட்டும் இந்தப் பக்கம் ஓடி வந்தேன்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"தினமும் கரைக்கு வருகிறேன் தம்பி. மீன் எடுக்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஆனால் கால் நனைக்க மாட்டேன். அது வேண்டுமானால் வரட்டும்."

இதை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. குரல் தழுதழுக்கவில்லை. வாடிக்கைக்காரரிடம் விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

கோயிலைக் காட்டி, "இதையும் பாதி கொண்டுபோய்விட்டது" என்றார். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்ட கோயில் அது. ஊருக்குச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்ற பெயர்கள் இருந்தது அங்குள்ள கல்வெட்டால்தான் தெரியவருகிறது. முன்பகுதி முழுவதையும் கடல் தின்றுவிட்டது. இன்று கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். இவருடைய பாட்டி காலத்தில் கோயிலுக்கு முன்னால் நடந்து சுற்றிவர இடம் இருந்ததாம். எத்தனை தூரம் என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, அந்த அளவை ஒரு பாகமாக வைத்து எண்ணத் தொடங்கியவர், கற்களைத் தாண்டித் தண்ணீருக்குள் விரல் நீட்டி நிறுத்தினார்.

சனிக்கிழமை கோட்டை திறந்திருந்தது. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்து டேனிஷ்காரர்கள் கட்டியது. நாயக்கர் அவர்கள் அரசனுக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இப்போதும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் இந்த ஊரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். மகளுக்கு இதெல்லாம் ஏறவில்லை. அவளுக்குப் பிடித்தது சீகன்பால்கு கதைதான். 1706இல் இந்தக் கரையில் இறங்கிய அந்த ஜெர்மன் பாதிரியார் திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். கவர்னரைப் பகைத்துக்கொண்டு நான்கு மாதம் இந்தக் கோட்டையிலேயே அடைபட்டுக் கிடந்தார். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இங்கேயே அச்சாகி முடிந்தது. காகிதத்துக்காகப் பொறையாரில் ஓர் ஆலையும் வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் நிற்கிறது.

கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பத்து மணி வரை காத்திருக்காமல் விடியற்காலையில் கரைக்குப் போய்விடுங்கள். ஊரின் உயிர் அந்த நேரத்தில்தான் தெரிகிறது. நாங்கள் அன்று காலை ஆறு மணிக்கே போயிருந்தோம். முந்தின நாள் கிடந்த கரையா இது என்று இருந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. கவளையும் சங்கராவும் மணலில் குவிந்தன. ஏலம் கேட்கும் கூட்டத்தின் நடுவில் அந்த அம்மா. முதல் நாள் அத்தனை அடங்கிப் பேசியவர், அங்கே தொண்டை கிழிய விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார். பாதம் காய்ந்த மணலில்தான் இருந்தது.

என் மகளைக் கண்டதும் கூப்பிட்டார். ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிக் காட்டி, "இப்படிச் சிவப்பாக இருந்தால் வாங்கு. வெளுத்திருந்தால் காசைக் கொடுக்காதே" என்றார். மகள் செவுளை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் ஒட்டிய செதிலை அறைக்கு வரும்வரை அவள் தட்டிவிடவே இல்லை. இரண்டு மீனை இலவசமாகக் கொடுக்கப் பார்த்தார். சமைக்க இடமில்லை என்று சொல்லித் தப்பினோம்.

நான் கடுதாசிப்பட்டறையைப் பற்றிக் கேட்டேன். "அங்கே எனக்கு நாலு வீடு வாடிக்கை. இப்போது அங்கேதான் போகிறேன்" என்றார். அச்சுக் கதையைச் சொன்னேன். "அதுதான் அந்தப் பேரா?" என்று ஒரு நிமிடம் யோசித்தவர், நேரமாகிவிட்டது என்று அன்னக்கூடையைத் தூக்கினார். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். நல்ல கனம். பொறையார் போகும் ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே மூன்று பெண்கள் கூடைகளோடு இவருக்காகக் காத்திருந்தார்கள்.