50 நிமிஷமும் பையர் கதையிலேயே போய்விடுகிறது. சைக்காலஜிஸ்ட்டிடம் எப்படிப் பேசுவது?

திருப்பூர்க்காரன்:
வயது 35. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்கும் பையர்களின் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவன். மூன்று மாதத்துக்கு முன்பு அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்தது. 'இதோடு முடிந்தது' என்று பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். அப்புறம் இன்னும் இரண்டு தடவை வந்தது. டாக்டர்தான் 'பேனிக் அட்டாக்' என்று சொல்லி சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். இப்போது பஸ்ஸையே விட்டுவிட்டு பைக்கில்தான் போகிறேன்.

நான்கு செஷன் முடிந்துவிட்டது. ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். 'இந்த வாரம் எப்படிப் போச்சு?' என்று மேடம் கேட்பார். பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்பியது, டையிங்கில் துணியின் சாய ஷேடு மாறியது என்று ஆரம்பிப்பேன். மணி பார்த்தால் நேரம் முடிந்திருக்கும். 'காசு குடுத்துக் கதை பேசிட்டு வர்றியா' என்கிறார் அம்மா. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயம் வந்த நேரம், அப்போது மனதில் ஓடியது, பயம் பத்துக்கு எத்தனை என்று தினமும் எழுதி வரச் சொன்னார். ஏழு நாள் கணக்கையும் கிளினிக் வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடி ஒரே மூச்சில் எழுதினேன். பேனா மட்டும் மூன்று மாற்றினேன்.

இதில் உருப்படியாக ஏதாவது நடக்க நான் என்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை:
தம்பி, மூன்று பேனா விஷயத்தில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இரண்டு வருஷத்துக்கு முன்பு 16 செஷன் போனவள். முதல் ஆறும் உங்களைப் போலத்தான். எனக்கு பையருக்குப் பதில் மாமியார்.

என் வியாதி வேறொன்று. 50 நிமிஷமும் நன்றாகப் பேசுவேன். எழுந்து, வாசலில் செருப்பை மாட்டும்போது, 'அப்புறம் மேடம், ராத்திரி தூங்கியே மூணு வாரம் ஆச்சு' என்பேன். வெளியே அடுத்த ஆள் உட்கார்ந்திருப்பார். 'அடுத்த வாரம் இதிலிருந்தே ஆரம்பிப்போம்' என்பார் மேடம். அடுத்த வாரம் நான் மறுபடி மாமியாரில் ஆரம்பிப்பேன். மூன்றாவது தடவை அவரே சொன்னார்: 'நீங்க முக்கியமானதை எல்லாம் செருப்புக்கிட்டதான் சொல்றீங்க.'

அதற்கப்புறம் முந்தின நாள் ராத்திரியே ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதுவேன். எதை எழுதக் கை கூசுகிறதோ அதை. உட்கார்ந்ததும் சீட்டை அவரிடம் நீட்டிவிடுவேன், வாயால் சொல்ல வராது. வாரக் கதையை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

முடிந்ததும் நேராக ஆபீஸ் போகாதீர்கள். எதிர் டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, ஞாபகம் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் பாதி மறந்துவிடும்.

ஓபி சீட்டு:
நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அரசு மருத்துவமனையில் 11 வருஷமாக வேலை. மூன்று கலர் டைரி எல்லாம் நாங்கள் நிறையப் பார்த்தாயிற்று. 'செய்யலை' என்று வந்து சொல்லுங்கள். ஏன் செய்யவில்லை என்று பேசும் செஷன் பல நேரம் டைரியைவிடப் பயன்படும். மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடங்கிய சிபிடி முறையில், அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சையில், இப்படி வீட்டில் செய்யத் தரும் வேலைதான் பாதி சிகிச்சை. வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் எங்களிடம் இருப்பது ஒன்றுகூட முழுசாக இல்லை.

பேனிக் சில நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனசு பாடம் படித்துவிட்டது. அந்தப் பாடத்தை அழிக்க மறுபடி பஸ் ஏறித்தான் ஆக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. 'நாம் எதை நோக்கிப் போகிறோம், எத்தனை செஷன் ஆகும்' என்று நேராகவே கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்று ஏழு கேள்வித் தாள் உண்டு, மதிப்பெண் 0 முதல் 21 வரை. மாதம் ஒரு தடவை நிரப்பினால் இறங்குகிறதா என்று உங்களுக்கே தெரியும்.

குடிக்கிற காபி, போடுகிற மாத்திரை எல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் மாத்திரை எழுத மாட்டோம், அதற்கு சைக்கியாட்ரிஸ்ட். வெளியே போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். 2017 மனநலச் சட்டப்படி ரகசியம் காப்பது எங்கள் கடமை, உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர. நடு ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம்.

சும்மா ஒருவன்:
செட் ஆகவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள் பாஸ். நான் நாலு பேரை மாற்றினேன்.

வைகைக்கரை:
மாற்றலாம். ஆனால் என்ன பிடிக்கவில்லை என்று அவரிடமே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நான் பேசும்போது மேடம் கடிகாரத்தைப் பார்த்தது எனக்குச் சுருக்கென்றது. சொன்னேன். மறு வாரம் கடிகாரம் என் தலைக்குப் பின்னால் இருந்த சுவருக்கு மாறியிருந்தது.

திருப்பூர்க்காரன்:
நேற்று ஐந்தாவது செஷன். டைரி பித்தலாட்டத்தைச் சொன்னேன். 'மூணு பேனாவா?' என்று சிரித்தார்.

அக்கா சொன்ன சீட்டையும் எழுதிப் போனேன். அப்பா 36 வயதில் நெஞ்சு வலியில் போனவர். எனக்கு அடுத்த சித்திரையில் 36. நான்கு செஷனில் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஷேடு மாறியதை மட்டும் நான்கு தடவை சொல்லியிருக்கிறேன்.

இந்த வாரம் மச்சானோடு பஸ்ஸில் இரண்டே இரண்டு ஸ்டாப் போக வேண்டுமாம். வியாழக்கிழமை ஏறுகிறோம்.