கோப்ராவும் நர்சிங் ஹோமும்: அமெரிக்கா வந்த புதுசில் யாரும் சொல்லாதவை

வந்த புதுசில் எல்லாரும் ஆப்பிள் பே, கார் லோன் என்று அலைவோம். கொஞ்சம் இதையும் படியுங்கள். இங்கே காப்பீட்டு விதிகள் பல, பட்ஜெட் சட்டத்தின் முதுகில் ஏறித்தான் வருகின்றன. வேலை போனவர்கள் வாயில் அடிபடும் 'கோப்ரா' (COBRA), அதாவது வேலை போன பிறகும் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டைச் சொந்தக் காசில் தொடரும் உரிமை, அதில் இருக்கும் 'பி'யே பட்ஜெட்தான். பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கடி மட்டும் உண்டு. கம்பெனி கட்டி வந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியம், அதற்கு மேல் 2 சதவீதம், அத்தனையும் நம் தலையில்.

20 பேராவது வேலை பார்க்கும் கம்பெனி என்றால் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். சேர முடிவெடுக்க 60 நாள் அவகாசம். ஆகவே முதல் நாளே பதறாதீர்கள். 50ஆவது நாள் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போய் அன்று சேர்ந்தாலும் காப்பீடு பழைய தேதியிலிருந்து செல்லும், இடைப்பட்ட பிரீமியத்தைக் கட்டிவிட்டால். எச்1பி விசாக்காரர்களுக்கு வேலை போனால் புது வேலை தேட அதிகபட்சம் கிடைப்பதும் 60 நாள் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்புபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

இனி அப்பா அம்மா விஷயம். கிரீன் கார்டில் வந்த பெற்றோர் இங்கே வேலை பார்க்காதவர்கள் என்றால், 65 வயதும் 5 வருடத் தொடர் வாசமும் ஆன பிறகுதான் மெடிக்கேரை, அதாவது முதியோருக்கான அரசுக் காப்பீட்டை, காசு கட்டி வாங்க முடியும். நாம் கட்டும் வரி அவர்கள் கணக்கில் ஏறாது. வசதி குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்கும் 1996 சட்டப்படி பொதுவாக 5 வருடக் காத்திருப்பு. சில மாநிலங்கள் சொந்தக் காசில் தளர்த்தியிருக்கின்றன.

மெடிக்கேர் நர்சிங் ஹோமுக்கு (இங்கே அது முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம்) கொடுக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். மருத்துவமனையில் தொடர்ந்து 3 நாள் உள்நோயாளியாக இருந்தால்தான், அதுவும் சிகிச்சைக்காகத்தான். முதல் 20 நாள் முழுசாக, 100ஆவது நாள் வரை நம் பங்கோடு, பிறகு ஒன்றுமில்லை. நீண்டகாலம் தாங்குவது மெடிக்கெய்டு. அதற்காக வீட்டைப் பிள்ளை பேரில் எழுதிவைப்பது நம் ஊர்ப் புத்தி. 2006இல் கையெழுத்தான பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம், விண்ணப்பிக்கும் முன் சொத்தைக் கைமாற்றினோமா என்று பின்னோக்கிப் பார்க்கும் காலத்தை 3 வருடத்திலிருந்து 5 ஆக்கிவிட்டது. வக்கீலைப் பார்க்காமல் பத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

நல்லதும் பட்ஜெட் சட்டத்தில்தான் வந்தது. நர்சிங் ஹோமில் இருப்பவர்களைக் காரணமில்லாமல் கட்டிப்போடக் கூடாது, 24 மணி நேரமும் நர்ஸ் வேண்டும் என்பதெல்லாம் 1987 சட்டம். 2024இல் வந்த கூடுதல் ஆள்பல விதியை 2034 வரை நிறுத்திவைத்ததும் 2025 பட்ஜெட் சட்டமே; பின்னர் அந்த விதியையே அரசு ரத்து செய்துவிட்டது. ஆகவே ஆள் போதுமா என்று நீங்களே மாலை வேளையில் போய்ப் பாருங்கள். பகலில் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும்.

என் மாமியார் வழுக்கி விழுந்து மூன்று ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். டிஸ்சார்ஜ் காகிதத்தில்தான் 'அப்சர்வேஷன்', அதாவது உள்நோயாளியாகச் சேர்க்காமல் வெறும் கண்காணிப்பு, என்று பார்த்தோம். மெடிக்கேர் கேட்கும் 3 நாள் உள்நோயாளிக் கணக்கில் ஒரு நாள்கூட இல்லை. அட்மிட் ஆன அன்றே கேட்டுவிடுங்கள், இன்பேஷன்ட்டா அப்சர்வேஷனா என்று.