ராஜா சாண்டோ நடித்த ஊமைப்படம் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா?

கோத்தகிரி வாசகி:
எங்கள் தாத்தா இளவயதில் கோயம்புத்தூரில் மில் வேலை பார்த்தவர், அப்புறம்தான் மலையேறி வந்து இங்கே டீ ஃபேக்டரியில் சேர்ந்தார். இருந்தால் இப்போது நூற்றுப் பத்து வயதாவது ஆகியிருக்கும். வெரைட்டி ஹாலில் பார்த்த ஊமைப்படங்களைப் பற்றிக் கடைசி வரைக்கும் பேசுவார், அதிலும் ராஜா சாண்டோ என்றால் எழுந்து நின்று சண்டைக் காட்சியை நடித்தே காட்டுவார். ரொம்ப நாள் நான் சாண்டோ சின்னப்பா தேவரைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். இவர் வேறு என்று இப்போதுதான் புரிகிறது. இவர் யார், ஒரு படமாவது பார்க்க வழி இருக்கிறதா?

குன்னூர் ரயில்:
வேறு ஆள்தான் அக்கா. ராஜா சாண்டோ புதுக்கோட்டைக்காரர், சொந்தப் பெயர் நாகலிங்கம், உடற்பயிற்சியில் தேர்ந்தவர். யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வான் இந்த நாட்டுக்கும் வந்து பேர் வாங்கியதால், உடம்பைத் தேற்றியவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. சாண்டோ பனியன்கூட அப்படி வந்த பெயர்தான்.

எனக்கு அவரிடம் பெரிய விஷயமாகத் தெரிவது வேறு. படம் பேசாத காலத்தில் மொழி ஒரு தடையே இல்லை, காட்சிக்கு நடுவே வரும் எழுத்து அட்டையை மட்டும் மாற்றினால் போதும், அதனால் ஒரு புதுக்கோட்டைப் பையன் பம்பாய்க்குப் போய் அங்கே கதாநாயகனாகவே ஆக முடிந்தது. 1926-ல் டைப்பிஸ்ட் கேர்ள் படத்தில் சுலோச்சனாவோடு, 1927-ல் குணசுந்தரியில் கோஹரோடு நடித்தார். இரண்டும் சந்துலால் ஷா எடுத்த படங்கள், புராணம் இல்லை, அந்தக் காலத்து வீடும் ஆபீசும்தான் கதை. அந்தப் பழக்கத்தோடு சென்னைக்கு வந்து இயக்குநராகி பேயும் பெண்ணும், அநாதைப் பெண் போன்ற சமூகக் கதைகளை ஊமைப்படமாக எடுத்தார். பின்னால் பெரிய இயக்குநரான கே. சுப்பிரமணியம் தொழில் பழகியது இவரிடம்தான்.

பேசும்படம் வந்ததும் பலர் காணாமல் போனார்கள், இவர் போகவில்லை. 1935-ல் மேனகா, 1939-ல் பாகவதரை வைத்து திருநீலகண்டர். சிவகவியையும் இவர்தான் ஆரம்பித்தார், ஆனால் பாதியில் ஸ்ரீராமுலு நாயுடு கைக்குப் போய்விட்டது. படம் வெளிவந்த அதே 1943-ல் கோயம்புத்தூரிலேயே காலமானார். தமிழக அரசு இவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது, வாங்குகிறவர்கள் இவர் யார் என்று ஒரு வார்த்தை சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இந்து நகர் பெரியவர்:
அம்மா, பேயும் பெண்ணும், அநாதைப் பெண் இரண்டுக்கும் பிரதி இல்லை. நான் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் இருட்டறையிலேயே பாதி ஆயுசைக் கழித்தவன், அதனால் காரணத்தைச் சொல்கிறேன். நாங்கள் ஃபிலிம் பூசியது எளிதில் தீப்பிடிக்காத பிளாஸ்டிக் மேல். அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட், வெடிமருந்துக்குச் சொந்தக்காரன். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கும், தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. தீப்பிடிக்காவிட்டாலும் வெயிலிலும் ஈரத்திலும் முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் சுருளே ஒரு கட்டியாகி, கடைசியில் பொடியாக உதிரும். தப்பியதையும் ஓடி முடிந்த படம்தானே என்று ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காகக் கரைத்தார்கள். இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் 1,300க்கு மேல், மிச்சம் மிகச் சில. ஒரு முகத்தை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், அது அசைவதை நம்மால் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு இன்றும் தாங்காது.

அந்தக் காலத்துத் தெற்கத்திப் படம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் மார்த்தாண்ட வர்மா, 1933. அதே பெயருள்ள நாவலை வைத்து எடுத்தது, அந்த நாவலின் உரிமை வழக்கில் சிக்கி ஓடாமல் நின்றுபோன படம், நின்றதால்தான் பிழைத்தது. புனே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கோத்தகிரி வாசகி:
ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. மார்த்தாண்ட வர்மாவைக் கண்டிப்பாகப் பார்க்கிறேன். கட்டபெட்டில் இருக்கும் பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டேன். தாத்தா நடித்துக் காட்டுவாரே, எதிராளியை இடுப்பில் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்குவது, பிறகு மேல்துண்டை உதறிக்கொண்டு திரும்பிப் பார்ப்பது, அது அவருக்கு அடி பிசகாமல் நினைவிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் அவரைச் செய்யச் சொல்லி ஃபோனில் எடுத்து இங்கே போடுகிறேன்.