கப்பல் பட்டியலை உரக்கப் படித்தோம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், டோங்காட்டுக்குப் பக்கத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. அங்கே வரலாற்றுக் கழகம் தொடங்கி நான்கு வருஷம் ஆகிறது. அப்போது சந்தித்தவர்களைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் கூட்டம் கோயில் கூடத்தில் நடந்தது. பதினொரு பேர் வந்தோம். யார் தலைவர், யார் செயலாளர் என்று பேசியே ஒரு மணி நேரம் போய்விட்டது. பின்வரிசையில் இருந்த வயதான வாத்தியார் எழுந்து, "உங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் வேலை அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது. அன்று முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பலில் வந்தவர்களின் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். எண் கிடைத்துவிட்டால் பாதி வழி வந்த மாதிரி. பழைய பிறப்பு, கல்யாணப் பத்திரங்களில் தேடிப் பாருங்கள், பல வீடுகளில் அது இருக்கிறது.

ஆனால் பட்டியலை எழுதியவர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் அந்த மாதிரிக் காகிதங்களில்தான். கண்ணால் பார்த்தால் ஊர்ப்பெயர் பிடிபடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களை உட்கார வைத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தோம். ஒரு நாள் நான் "நார்த் ஆர்க்காட், வாண்டிவாஷ்" என்று படித்தேன். எண்பது வயது தாண்டிய ஓர் ஆயா கையை உயர்த்தி, "வந்தவாசி, தம்பி. எங்க ஆயா அந்தப் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கும். அது ஊர்ப் பேருன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது" என்றார். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதே ஆயாவிடம் ஒரு தவறும் செய்தேன். அவர் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த ஒப்பந்தக் காகிதத்தை நகல் எடுக்க வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் மகன் போன் செய்தார்: "அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கல." உடனே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த மூலக் காகிதத்தையும் நாங்கள் வெளியே எடுத்துப் போவதில்லை. அவர்கள் வீட்டு ஜன்னலோரம், அவர்கள் கண்முன்னேயே போட்டோ எடுக்கிறோம்.

சாதி என்ற அந்த ஒரு கட்டம் எங்களை மிகவும் அலைக்கழித்தது. பட்டியலின் பக்கங்களைக் கூடத்துச் சுவரில் மாட்டலாம் என்று முடிவு செய்திருந்தோம். ஒருவர் இருட்டின பிறகு வீட்டுக்கு வந்து, "அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க அண்ணா, பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். கழகத்தில் பாதிப் பேர், உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் வரலாறு என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பல் ஏறுமுன் கூலிகளைத் தங்க வைத்த டிப்போவில் சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. கடல் தாண்டி உதறிப்போட்டதைச் சுவரில் ஒட்ட நமக்கு என்ன உரிமை? கடைசியில் சுவரில் எண், பெயர், கப்பல், ஊர் மட்டும் மாட்டினோம். முழுப் பக்கம் அந்தக் குடும்பத்தின் கைக்குத்தான் போகும். இருட்டின பிறகு வந்த அந்த மனிதர் அடுத்த மாதமே கழகத்தில் சேர்ந்தார்.

கழகத்தை அரசிடம் பதிவு செய்வது பற்றிக் கேட்பவர்களுக்கு: எழுதிய விதிமுறைகள் வேண்டும், லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிய 1997 சட்டம் இருக்கிறது, கட்டணம் இல்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முதலில் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது:

அண்ணா, எங்களுக்கு ஒரு கோயில்தான் தொடக்கம். மரமும் தகரமுமாக இருந்த பழைய சன்னிதியை இடித்து டைல்ஸ் போட நிர்வாகம் தயாராக இருந்தது. அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று 1999 பாரம்பரியச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டியதும் கோபம்தான் வந்தது. அப்புறம் வீடு வீடாகப் போய், அந்தச் சன்னிதி முன் எடுத்த கல்யாணப் படங்களைச் சேகரித்துத் திருவிழாவில் வைத்தோம். இடிப்பதற்குக் கையெழுத்துப் போட்டவரே தன் அம்மா படத்துக்கு முன் நெடுநேரம் நின்றிருந்தார். சன்னிதி இன்னும் இருக்கிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர் எழுதியது:

எங்களிடம் காகிதமும் இல்லை, கட்டடமும் இல்லை. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் வருஷச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் நாங்கள். பெரிய வெள்ளைத்தாளை மேசையில் விரித்து, "உங்க தெருவை வரையுங்க" என்றோம். குழாய் இங்கே, கடை அங்கே, மாமரம் யார் வீட்டுப் பக்கம் என்று இரண்டு தாத்தாக்களுக்குள் பெரிய வாக்குவாதம். இருவரும் சொன்ன இடங்களில் இரண்டு மரங்களாக வரைந்து வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு மூன்றாமவர் ஒருவர் வருகிறார், அவர் வீடு அதற்கு எதிர்ப்புறம்.